கண்டெடுத்த புகைப்படங்களிலிருந்து ஓவியம்: ஹங் லியூவின் வாழ்வும் கலையும்

முன்னுரை

பழைய பேப்பர் கடைகளில் சில நேரம் கண்ணாடி உடைந்த புகைப்படச் சட்டங்களைப் பார்க்கலாம். மணக்கோலத்தில் ஒரு தம்பதியரோ, கைவைத்த நாற்காலியில் அமர்ந்த ஒரு பெரியவரோ அதில் இருப்பார்கள். வீட்டை இடித்தபோதோ, பாகம் பிரித்தபோதோ வெளியே வந்த படமாக இருக்கும். கடைக்காரர் மரச்சட்டத்துக்கும் கண்ணாடிக்கும்தான் விலை வைப்பார். படத்தில் இருப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. விற்றவருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்காது.

இப்படி உரியவர் கையை விட்டுப் போய், பெயரும் ஊரும் இழந்து நிற்கும் பழைய படங்களைக் கலை வரலாற்றில் 'கண்டெடுத்த புகைப்படங்கள்' என்கிறார்கள். ஆவணக் காப்பகம், பழம்பொருள் கடை, பழைய இதழ், யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டி என எங்கிருந்தும் அவை கிடைக்கலாம். அவற்றை மூலமாகக் கொண்டு உணர்ச்சி வெளிப்பாடு மிக்க ஓவியங்களைத் தீட்டுவது கடந்த நூறாண்டுகளில் ஒரு தனி மரபாகவே வளர்ந்திருக்கிறது. இங்கே மூலப்படத்தை உள்ளது உள்ளபடி பெரிதாக்குவது நோக்கமாக இருப்பதில்லை. படம் சொல்லாமல் விட்டதை வண்ணத்தாலும் தூரிகையாலும் சொல்லிப் பார்ப்பதே நோக்கம்.

இம்மரபில் குறிப்பிடத்தக்கவர் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓவியர் ஹங் லியூ (1948–2021). சீன வழக்கில் குடும்பப்பெயர் முன்னே வரும் என்பதால் அவர் பிறந்த மண்ணில் லியூ ஹங். தன் குடும்பப் படங்கள் அழிந்துபோவதைக் கண்ட ஒருவர், பிறர் தொலைத்த படங்களைத் தேடியெடுத்து வாழ்நாள் முழுதும் தீட்டினார் என்பதே அவருடைய கதையின் சாரம். இக்கட்டுரை முதலில் இம்மரபின் முன்வரலாற்றைச் சுருக்கமாகவும், பின்னர் லியூவின் வாழ்வையும் பணியையும் விரிவாகவும் கூறுகிறது.

புகைப்படமும் ஓவியரும்: முன்வரலாறு

1839-இல் பிரான்சில் டாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இனி ஓவியத்துக்கு வேலையில்லை என்று அஞ்சியவர்கள் உண்டு. ஆனால் ஓவியர்கள் விரைவிலேயே புகைப்படத்தைத் தங்கள் பணிக்குத் துணையாக்கிக்கொண்டார்கள். பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1850களில் புகைப்படங்களைப் பார்த்து மனித உடலை வரைந்து பழகினார். 1867-இல் மெக்சிகோவில் பேரரசர் மாக்சிமிலியன் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அந்த இடத்தை நேரில் காணாத மானே, செய்தித்தாள் விவரங்களையும் புகைப்படங்களையும் துணைகொண்டு அந்நிகழ்ச்சியைப் பலமுறை தீட்டினார்.

அக்காலத்தில் புகைப்படத்தைப் பயன்படுத்தியதை வெளியே சொல்ல ஓவியர்கள் பெரும்பாலும் தயங்கினார்கள். அத்தயக்கத்தை வெளிப்படையாகக் கைவிட்டவர்களுள் ஒருவர் ஆங்கில ஓவியர் வால்டர் சிக்கர்ட். அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த அமீலியா இயர்ஹார்ட் 1932-இல் லண்டனுக்கு அருகே மழையில் வந்திறங்கிய காட்சியை, செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்தே அவர் தீட்டினார். அந்த ஓவியத்தில் வீராங்கனை கூட்டத்துக்குள் ஏறத்தாழ மறைந்துபோகிறார். சாய்ந்து விழும் மழைக் கோடுகளும் தொப்பிகளுமே கண்ணில் படுகின்றன. செய்திப்படத்தின் அவசரமும் நெரிசலும் ஓவியமாகிவிட்டன.

அடுத்த தலைமுறையில் பிரான்சிஸ் பேக்கன், ஐசென்ஸ்டைன் இயக்கிய 'போர்க்கப்பல் பொட்டம்கின்' (1925) திரைப்படத்தில் குண்டடிபட்டு அலறும் செவிலியின் படத்தைப் பல்லாண்டு காலம் தன்னருகே வைத்திருந்தார். அவருடைய ஓவியங்களில் வரும் அலறும் வாய்களுக்கு அது ஒரு மூலம். லண்டனில் இருந்த அவருடைய ஓவியக்கூடம் அவர் மறைந்தபின் அப்படியே பெயர்த்து டப்ளின் நகரிலுள்ள ஹியூ லேன் காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கிழிந்தும் மடிந்தும் வண்ணம் தெறித்தும் கிடந்த ஏராளமான புகைப்படங்கள் அக்கூடத்தில் இருந்தன.

ஜெர்மனியின் கெர்ஹார்ட் ரிக்டர் (பிறப்பு 1932) இம்மரபுக்கு வேறொரு திசை காட்டினார். கிழக்கு ஜெர்மனியிலிருந்து 1961-இல் மேற்கே வந்த அவர், இதழ்களிலும் குடும்ப ஆல்பங்களிலும் இருந்த படங்களைச் சாம்பல் நிறத்தில் தீட்டி, வண்ணம் காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் இழுத்து மங்கலாக்கினார். 1965-இல் தீட்டிய 'ரூடி மாமா' என்ற ஓவியத்தில் ஜெர்மன் படைச் சீருடையில் ஒருவர் புன்னகைக்கிறார். அதே ஆண்டில் தீட்டிய 'மரியானே சித்தி' ஓவியத்தில், நான்கு மாதக் குழந்தையான ரிக்டரோடு ஒரு சிறுமி இருக்கிறாள். மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்ட அந்தச் சித்தி பின்னாளில் நாஜி ஆட்சியின் மருத்துவக் கொலைத் திட்டத்துக்குப் பலியானார். ஒரே குடும்பத்துக்குள் படைவீரரும் பலியானவரும் இருந்த உண்மையை அந்த இரு படங்களும் அருகருகே வைக்கின்றன. படங்கள் மங்கலாக இருப்பதற்குப் பொருள் என்ன என்று யாரும் விளக்காமலேயே பார்ப்பவருக்குப் புரிகிறது.

ரிக்டரிடம் குடும்பப் படங்கள் மிஞ்சியிருந்தன. ஹங் லியூவுக்கு அதுவும் இல்லை.

எரிந்த படங்கள்

ஹங் லியூ 1948 பிப்ரவரியில் வடகிழக்குச் சீனாவின் சாங்சுன் நகரில் பிறந்தார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அவ்வாண்டில் கம்யூனிஸ்ட் படைகள் சாங்சுன் நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டன. நகருக்குள் பட்டினியால் மக்கள் ஏராளமாக மடிந்தனர். லியூவின் தந்தை எதிர்த்தரப்பான கோமிண்டாங் படையில் அதிகாரியாக இருந்தவர். குடும்பம் நகரை விட்டுத் தப்பி வந்தபோது அவர் கைதானார். மகளுக்கு அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. குடும்பத்தைக் காப்பாற்றத் தாய் மணவிலக்குப் பெற வேண்டியதாயிற்று. தந்தை எங்கே இருக்கிறார், இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் லியூ வளர்ந்தார்.

1966-இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியது. செங்காவலர்கள் வீடுவீடாகப் புகுந்து சோதனையிட்டார்கள். பழைய அதிகாரிகளோடோ நிலவுடைமையாளரோடோ தொடர்பு காட்டும் ஒரு படம் அகப்பட்டால் போதும், குடும்பமே துன்பப்படும். அதனால் எண்ணற்ற குடும்பங்கள் தங்கள் கைகளாலேயே தங்கள் படங்களை எரித்தன. லியூவின் வீட்டிலும் அது நடந்தது. ஒருசில படங்களே தப்பின.

வீட்டில் அச்சத்தால் நடந்ததை அரசு திட்டமிட்டுச் செய்தது. 1976 செப்டம்பரில் மாவோ மறைந்தபின் நடந்த இரங்கல் கூட்டத்தில் தலைவர்கள் வரிசையாக நிற்கும் படம் ஒன்று உண்டு. அடுத்த மாதமே அவர்களுள் 'நால்வர் குழு' எனப்பட்டவர்கள் கைது செய்யப்பட்டனர். அதன்பின் அதே படம் வெளியிடப்பட்டபோது அந்த நால்வர் நின்ற இடங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. மற்றவர்கள் அந்த இடைவெளியை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். புகைப்படம் பொய் சொல்லாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த நாட்டில் வளர்ந்தவர்களால் அப்படிச் சொல்ல முடியாது.

வயல்வெளியும் இரவல் கேமராவும்

1968-இல் லியூ 'மறுகல்வி' என்ற பெயரில் பெய்ஜிங்குக்கு வெளியே உள்ள ஒரு கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். நான்கு ஆண்டுகள் வயல்வேலை செய்தார். அங்கே அவரிடம் ஒரு கேமரா இருந்தது. வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட நண்பர் ஒருவர் பத்திரமாக வைத்திருக்கும்படி ஒப்படைத்துச் சென்றது அது. அதைக்கொண்டு லியூ தன்னோடு உழைத்த விவசாயிகளையும் அவர்கள் குடும்பங்களையும் படம் எடுத்தார், பென்சிலால் வரைந்தும் வைத்தார். சுவரொட்டிகளில் வந்த விவசாயி எப்போதும் சிவந்த கன்னத்தோடு கதிர்க்கட்டை உயர்த்திப் பிடித்திருப்பார். லியூவின் படங்களில் வருபவர்களோ அன்றாடம் கண்ட மனிதர்கள்.

1972-இல் நகருக்குத் திரும்பி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கலை பயின்றார். அரசு ஏற்ற பாணி சோசலிச யதார்த்தவாதம் ஒன்றே. தலைவரும் தொழிலாளரும் படைவீரரும்தான் வரையத் தக்கவர்கள். ஒரு மரத்தையோ குளத்தையோ காரணமின்றி வரைவதுகூட ஐயத்துக்கு இடமளிக்கும். லியூ சிறிய வண்ணப்பெட்டியோடு வெளியே சென்று, யாருக்கும் தெரியாமல் சின்னஞ்சிறு இயற்கைக் காட்சிகளைத் தீட்டினார். பின்னாளில் அத்தொகுப்புக்கு 'என் இரகசியச் சுதந்திரம்' என்று பெயரிட்டார். இதே காலத்தில் பள்ளியில் கலை ஆசிரியராகப் பணியாற்றியதோடு, ஓவியம் வரையக் கற்பிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் நடத்தினார். பின்னர் பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்தில் சுவரோவியம் பயின்றார்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லியூவின் கை, கழகப் பயிற்சியில் தேர்ந்த கை. முகத்தையும் உடலையும் பிசகின்றி வரைய அவரால் முடியும். பின்னாளில் அவர் ஓவியங்களில் வண்ணம் வழிந்து உருவம் கலைவது தெரிந்தே செய்தது.

குடியேறியவரின் அட்டை

கலிபோர்னியாவின் சான் டியகோ பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு லியூ விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது. ஆனால் கடவுச்சீட்டு கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1984-இல் அமெரிக்கா சென்றார். அங்கே ஆலன் காப்ரோ போன்ற புதுமைக் கலைஞர்கள் அவருக்கு ஆசிரியர்களாக இருந்தனர். கலை என்பது நேர்த்தியாக வரைவது மட்டும்தானா என்ற கேள்வியை அவர் அங்கேதான் முழுமையாக எதிர்கொண்டார்.

1988-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கலைத் திட்டத்தில் தங்கிப் பணியாற்றியபோது, தன் குடியேற்ற அட்டையைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கித் தீட்டினார். 'வதியும் அந்நியர்' என்பது ஓவியத்தின் பெயர். அட்டையில் உள்ள படமும் விரல்ரேகையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பெயர் இருக்கும் இடத்தில் 'பார்ச்சூன் குக்கீ' என்றிருக்கிறது. அமெரிக்காவின் சீன உணவகங்களில் சாப்பாட்டுக்குப் பின் தரும், உள்ளே குறிச்சீட்டு வைத்த பிஸ்கட் அது. சீனாவில் அப்படியொரு பண்டம் வழக்கில் இல்லை. பிறந்த ஆண்டு 1948 என்பதற்குப் பதிலாக 1984 என்றிருக்கிறது. அமெரிக்க மண்ணில் இறங்கிய ஆண்டிலேயே தான் பிறந்ததாக அரசுத் தாள்கள் கருதுகின்றன என்ற கசப்பும் நகைப்பும் அதில் கலந்துள்ளன.

அடையாள அட்டைப் படமும் ஒருவகைக் கண்டெடுத்த படமே. எடுத்தவர் யாரோ, வைத்திருப்பது அரசு, படத்தில் இருப்பவரைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. தன் படத்தையே இப்படிப் பார்க்கக் கற்றபின், பிறருடைய படங்களின்பால் லியூவின் கவனம் திரும்பியது. 1990 முதல் 2014 வரை ஓக்லாந்து நகரின் மில்ஸ் கல்லூரியில் ஓவியம் கற்பித்தபடியே அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

பெயர் இல்லாத பெண்கள்

1989-இல் பெய்ஜிங் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. அவ்வாண்டில் லியூ தீட்டிய ஓவியத்துக்குக் 'காதல் தேவி, விடுதலைத் தேவி' என்று பெயர். மூலம் ஒரு பழைய புகைப்படம்: கட்டிக் குறுக்கிய பாதங்களோடு அமர்ந்திருக்கும் ஒரு சீனப் பெண். சிறுமியரின் பாதங்களை இறுகக் கட்டி வளரவிடாமல் செய்யும் பழக்கம் சீனாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தது. அப்பாதங்கள் அயல்நாட்டார் பலருக்கு வேடிக்கைப் பொருளாயின. அவற்றைப் படம் எடுத்து விற்றவர்கள் உண்டு. மாணவர்கள் சதுக்கத்தில் நிறுவிய 'ஜனநாயகத் தேவி' சிலை உலகம் முழுதும் பேசப்பட்ட ஆண்டில், லியூ இந்தப் பெயரற்ற பெண்ணைத் தேவி என்று அழைத்தார்.

1990களின் தொடக்கத்தில் சீனாவுக்குச் சென்றபோது ஒரு திரைப்பட நிலையத்தின் காப்பகத்தில் அவருக்கு அரிய படத்தொகுப்பு ஒன்று கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களின் படங்கள் அவை. வாடிக்கையாளர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காக எடுக்கப்பட்டவை. வரைந்த பின்திரை, மேல்நாட்டு நாற்காலி, பூச்சாடி என்று ஸ்டுடியோ ஜோடனைகளுக்கு நடுவே இளம்பெண்கள் அமர்ந்தும் சாய்ந்தும் கேமராவைப் பார்க்கிறார்கள். சரக்குப் பட்டியலில் பொருளின் படம் இருப்பதைப் போல அவர்களின் படங்கள் இருந்தன. அவர்களுள் பெரும்பாலோர் பெயர் தெரியவில்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் தெரியவில்லை.

லியூ அவர்களை ஆளுயரத்துக்கும் மேலாகத் தீட்டினார். பட்டியலில் உள்ளங்கையளவு இருந்த ஒருத்தி சுவரை நிறைத்து நின்று நம்மைப் பார்க்கிறாள். அவளைச் சுற்றிச் சீன மரபோவியங்களில் வரும் பூக்களும் பறவைகளும் பூச்சிகளும் இடம்பெற்றன. சில ஓவியங்களின் முன்னே சிறு மரப்பலகைகளும் வெற்றுக் கிண்ணங்களும் வைக்கப்பட்டன. நம் வீடுகளில் மறைந்தவர் படத்துக்கு முன் விளக்கேற்றி நீர் வைப்பதை நினைத்தால் இதன் பொருள் எளிதில் விளங்கும். தமக்காகப் படைக்க யாருமே இல்லாத பெண்களுக்கு ஓர் அந்நியர் செய்த படையல் அது.

இதே நோக்கில் தீட்டிய பிற தொகுப்புகளும் உள்ளன. 'தாயும் மகளும்' (1997) என்ற ஓவியத்தில் இரு பெண்கள் தோளில் கயிறு மாட்டிப் படகை இழுக்கிறார்கள். உடல் முன்னே வளைந்து, முகம் தரையைப் பார்க்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் நகரில் உள்ள கெம்பர் அருங்காட்சியகத்தில் இவ்வோவியம் உள்ளது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படையால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட கொரியப் பெண்களின் போர்க்காலப் படங்களிலிருந்து 2001-இல் ஒரு தொகுப்பைத் தீட்டினார். கிறித்தவ மடத்தில் வளர்ந்த அனாதைச் சிறுமியரின் பழைய படத்திலிருந்து ஒவ்வொரு சிறுமியையும் பிரித்துத் தனித்தனியே தீட்டியது மற்றொரு தொகுப்பு. வகுப்புப் படம் எடுத்துப் பழகிய ஆசிரியர்களுக்கு இதன் அருமை தெரியும். குழுப்படத்தில் மூன்றாம் வரிசையில் பாதி முகம் மறைந்து நின்ற பிள்ளைக்கும் ஒரு தனி முகம் உண்டு.

வழியும் வண்ணம்: செய்முறை

லியூவின் முறையில் மூன்று கூறுகளை முதன்மையாகச் சொல்லலாம்.

முதலாவது, உருவம். அவர் முதலில் புகைப்படத்தில் உள்ள உருவத்தைக் கழகப் பயிற்சியின் துணையோடு உறுதியாக வரைந்துகொள்கிறார். கண், கை, ஆடை மடிப்பு ஆகியவை தெளிவாக அமைகின்றன. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் கொடுக்கும் உரிமையையும் எடுத்துக்கொள்கிறார். மூலப்படத்தில் இல்லாத சிவப்பும் மஞ்சளும் நீலமும் முகத்திலேயே வரும்.

இரண்டாவது, கலைப்பு. எண்ணெய் வண்ணத்தின் மேல் ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார். நிமிர்த்தி வைத்த கித்தானில் வண்ணம் இளகிக் கீழ்நோக்கிக் கோடுகோடாக வழிகிறது. உறுதியாக வரைந்த முகத்தின் மீது மழை பெய்ததைப் போன்ற தோற்றம் உண்டாகிறது. இதனை 'அழும் யதார்த்தவாதம்' என்று திறனாய்வில் குறிப்பிட்டனர். சோசலிச யதார்த்தவாதம் என்ற பழைய பாடத்துக்கு இது நேரடியான பதிலாகவும் அமைகிறது. ரிக்டர் தூரிகையைக் கிடையாக இழுத்து மங்கலாக்கினார் என்றால், லியூ செங்குத்தாக வழியவிட்டார். முன்னதைப் பார்க்கும்போது படம் நம்மைக் கடந்து விரைவதுபோல் தோன்றும். பின்னதைப் பார்க்கும்போது படம் நம் கண்முன்னேயே கரைவதுபோல் தோன்றும்.

மூன்றாவது, வட்டம். பல ஓவியங்களில் ஒரே வீச்சில் போட்ட வட்டங்கள் ஆங்காங்கே வரும். பௌத்த மரபில் முழுமையையும் வெறுமையையும் ஒருசேரக் குறிக்கும் வட்டம் அது. உருவத்தோடு தொடர்பின்றித் தனியே நிற்கும் அவ்வட்டங்கள், நாம் பார்ப்பது ஓவியம், பழைய காலத்தைக் காட்டும் சன்னல் அன்று, என்பதை நினைவூட்டுகின்றன.

உருவத்தைக் காப்பதும் கரைப்பதும் ஒரே ஓவியத்தில் நடக்கின்றன. மறதியும் நினைவும் நம் மனத்தில் அப்படித்தானே வேலை செய்கின்றன! இறந்த பாட்டியின் முகத்தை நினைக்க முயன்றால் கண்கள் தெளிவாக வரும், வாய் வராது. சேலையின் கரை வரும், குரல் வராது. புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே தெளிவில் காட்டுகிறது. லியூவின் ஓவியம் நினைவைப் போலப் பாதி தெளிந்து பாதி கலைந்து நிற்கிறது.

தந்தை

1994-இல் லியூ தன் தந்தையைக் கண்டுபிடித்தார். நான்ஜிங் நகருக்கு அருகே ஒரு தொழிலாளர் பண்ணையில் அவர் இருந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது பிரிந்த மகள் நாற்பத்தாறு வயதில் தந்தையைச் சந்தித்தார். அச்சந்திப்பை 'தந்தையர் தினம்' என்ற ஓவியமாக அதே ஆண்டில் தீட்டினார். முதியவரும் மகளும் அருகருகே நிற்கிறார்கள்.

பெயர் தெரியாத எத்தனையோ பேரைத் தேடித் தீட்டிய ஒருவர், அந்தத் தேடலில் மையமாக இருந்த ஒருவரை உயிரோடு கண்டார் என்பது அவர் வாழ்வில் பெரும் நிகழ்ச்சி. ஆனால் அதன்பின்னும் அவர் பெயரற்றவர்களைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. தன் வீட்டுக் குறை தீர்ந்தால் போதும் என்று அவர் எண்ணியிருந்தால் நின்றிருப்பார்.

டாரதியா லேஞ்சின் படங்கள்

2015 முதல் லியூ அமெரிக்கப் புகைப்படங்களின் பக்கம் திரும்பினார். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வறட்சியாலும் கடனாலும் நிலமிழந்த குடும்பங்கள் பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்தன. அவர்களை அரசுப் பணியாக ஊர் ஊராகச் சென்று படம் எடுத்தவர் டாரதியா லேஞ்ச் (1895–1965). அவருடைய சொந்தப் படத்தொகுப்பு ஓக்லாந்து அருங்காட்சியகத்தில் உள்ளது. லியூவின் ஊரும் அதுவே.

நான்காண்டு வயலில் உழைத்த லியூவுக்கு அந்தப் படங்களில் இருந்தவர்கள் அந்நியராகத் தோன்றவில்லை. மூட்டைமுடிச்சோடு நடப்பவர்கள், கூடாரத்தின் வாசலில் அமர்ந்த பெண்கள், செருப்பில்லாத சிறுவர்கள் ஆகியோரை அவர் தீட்டத் தொடங்கினார். இத்தொகுப்பில் எண்ணெய் வழிவது குறைந்தது. அதற்குப் பதிலாக நிலவரைபடத்தின் உயரக்கோடுகளைப் போன்ற பல வண்ணக் கோடுகள் முகத்திலும் ஆடையிலும் பின்னிப் படர்கின்றன. ஊர் ஊராக அலைந்தவர்களின் முகத்திலேயே அந்த நிலம் வரையப்பட்டதுபோல் அவை தோன்றுகின்றன.

அனுமதி கேட்க முடியாதவர்கள்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பெயர் தெரியாத ஒருவரின் துயரப் படத்தை எடுத்து ஓவியமாக்கி, அருங்காட்சியகத்தில் மாட்டுவது முறையா? அவர்களிடம் யாரும் கேட்கவில்லையே?

இக்கேள்வி வெறும் வாதத்துக்காகக் கேட்பதன்று என்பதற்கு லேஞ்சின் புகழ்பெற்ற படமே சான்று. 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில், குழந்தைகள் இருபுறமும் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தருகே கைவைத்துத் தூரத்தைப் பார்க்கும் ஒரு தாயை லேஞ்ச் படம் எடுத்தார். பெயரை அவர் கேட்டுக் குறிக்கவில்லை. 'புலம்பெயர்ந்த தாய்' என்ற தலைப்பில் அப்படம் உலகம் சுற்றியது. அந்தத் தாய் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றும், படம் எடுக்கவே விட்டிருக்கக்கூடாது என்றும் அவர் வருந்தினார். 1998-இல் அப்படம் அமெரிக்க அஞ்சல்தலையாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

லியூ இதே படத்தையும் 2015-இல் தீட்டினார். அப்படியானால் அவரும் அந்தத் தாய்க்கு மற்றவர்கள் செய்ததையே செய்தாரா? இதற்கு ஒரே சொல்லில் விடையளிக்க முடியாது. ஆனால் இரண்டு செய்திகளைக் கருதவேண்டும். முதலாவது, நேரம். புகைப்படம் எடுக்கப்பட்டது நொடிப்பொழுதில். ஓவியர் அதே முகத்தின் முன் பல நாள் நின்று, ஒவ்வொரு சுருக்கத்தையும் கையால் மீண்டும் போடுகிறார். யாரையும் இவ்வளவு நேரம் பார்த்தபின் அவரை வெறும் எடுத்துக்காட்டாக நினைப்பது கடினம். இரண்டாவது, வெளிப்படை. வழியும் எண்ணெயும் கோடுகளும் 'இவரை எனக்கு முழுதாகத் தெரியாது' என்பதை மறைக்காமல் காட்டுகின்றன. தெரிந்ததைப் போல நடிக்கும் ஓவியமே மனிதரை இரண்டாம் முறை சுரண்டுகிறது என்பது என் கருத்து. லியூவின் ஓவியங்கள் அப்படி நடிக்கவில்லை.

இருந்தாலும் கேள்வி முற்றிலும் தீர்ந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. கண்டெடுத்த படத்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் அதைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இறுதி ஆண்டுகள்

2019 டிசம்பரில் பெய்ஜிங்கில் உள்ள யு.சி.சி.ஏ. கலை மையத்தில் லியூவின் பெரிய கண்காட்சி ஒன்று நடக்கவிருந்தது. பிறந்த நாட்டில், தன் வாழ்நாள் பணியைத் தன் மக்களுக்குக் காட்டும் வாய்ப்பு. ஆனால் ஓவியங்களை நாட்டுக்குள் கொண்டுவரச் சீன அதிகாரிகள் அனுமதி தரவில்லை. கண்காட்சி கைவிடப்பட்டது. வீட்டுப் படங்களை எரிக்க வைத்த அச்சம் ஐம்பதாண்டுகளுக்குப் பின் வேறு உருவில் வந்தது என்றே இதைப் பார்க்க வேண்டியுள்ளது.

வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்பட அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களின் தொகுப்புக் கண்காட்சியை 2021-இல் ஏற்பாடு செய்தது. நாட்டின் தலைவர்கள், அறிஞர்கள், புகழ்பெற்றவர்கள் ஆகியோரின் உருவப்படங்கள் நிறைந்த இடம் அது. பாலியல் தொழிலாளர், படகிழுக்கும் பெண்கள், அகதிகள், அனாதைச் சிறுமியர் ஆகியோர் அச்சுவர்களில் இடம்பெற்றார்கள். ஆசிய அமெரிக்கப் பெண் ஒருவருக்கு அங்கே நடந்த முதல் தனிக்கண்காட்சி அதுவே. அதைக் காண லியூ இல்லை. கண்காட்சி தொடங்குவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பு, 2021 ஆகஸ்ட் 7-ஆம் நாள், கணையப் புற்றுநோயால் அவர் மறைந்தார்.

முடிவுரை

புகைப்படத்தைத் துணையாக மறைத்துவைத்த ஓவியர் காலத்திலிருந்து, கண்டெடுத்த படத்தையே பொருளாகக் கொண்ட ஓவியர் காலம்வரை நூற்றைம்பது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. சிக்கர்ட், பேக்கன், ரிக்டர் ஆகியோர் இந்த மாற்றத்துக்கு வழியமைத்தனர். ஹங் லியூ அதை வரலாற்றில் விடுபட்டவர்களுக்கு இடமளிக்கும் பணியாக ஆக்கினார்.

இம்முறையில் வரைந்து பார்க்க விரும்பும் மாணவர்கள் முதலில் தங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். படத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவரிடம் சென்று, இவர் யார், எந்த ஊர், படம் எடுத்த அன்று என்ன விசேஷம் என்று கேட்டு, விவரத்தைத் தனித்தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். படத்தின் பின்புறம் பேனாவால் எழுத வேண்டாம். மை ஊறி முன்பக்கம் கறை விழும். ஓவியத்தைப் பிறகு மெல்ல வரைந்துகொள்ளலாம். விவரம் சொல்லக்கூடிய மூத்தவர்கள் நம்மோடு இருப்பது சில காலமே.